நீலக் கயிறு கட்டிய இரும்புப் பற்கள்

ஜூலை, பூமியின் இந்தத் தென்பாதியில் நடுக்குளிர்காலம், பள்ளி விடுமுறை. மலைப்பாதைப் பதிவுக் கூண்டில் உட்கார்ந்து ஒரே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு என் நாக்கு மரத்துவிட்டது. பூட்ஸில் மாட்டும் இரும்புப் பற்கள் இருக்கிறதா? தலைவிளக்கு? மாற்றுக் கையுறை? மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவீர்களா? எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். ஐந்து வருடப் படிப்புக்குக் கிடைத்தது இந்தக் கூண்டும் ஒரு ரப்பர் முத்திரையும்.

முந்தின நாள் பனிமேல் மழை பெய்து, இரவில் உறைந்துவிட்டது. ஓடைக்கு மேலே பாதை முழுக்கக் கண்ணாடி.

குளிர்காலத்தில் இங்கே காலை ஒன்பதுக்குத்தான் விடியும்; விடிந்தும் விடியாமலும் அப்பா வந்தார். மேலேயுள்ள தங்குகுடிலுக்கான எரிவாயு உருளையும் மாவுமாக முதுகில் முப்பது கிலோ. வழக்கம்போல என் ஜன்னலைப் பார்க்காமல் கடந்தார். சுமைக்காரர்கள் பெயர் பதிவதில்லை. "அவங்க ஊர்க்காரங்கதானே" என்பார் குடில் முதலாளி எவரிஸ்தோ. பதிந்தால், திரும்பாதவனைத் தேட ஆள் அனுப்ப வேண்டும். அவனுக்கு ஒரு முதலாளி உண்டு என்பதும் காகிதத்தில் ஏறிவிடும்.

வழுக்காமலிருக்க, அப்பாவின் பூட்ஸ்மேல் கம்பளிக் காலுறை.

"அப்பா, பல்லு எங்க?"

"விருந்தாளிங்களுக்குப் பத்தலையாம். முதலாளி வாங்கிட்டுப் போனாரு. ரெண்டு நாள்ல தந்துருவாரு."

"அதுக்கு சாக்ஸா?"

"முப்பது வருஷமா பல்லு இல்லாதப்பல்லாம் சாக்ஸ்லதான்டி ஏறுறேன். உன் புஸ்தகத்துல அது இல்லையா?"

"பனியில ஏறுனீங்க. இன்னைக்குக் கெட்டி ஐஸு. முட்டி ஏற்கெனவே ஒரு தடவ போச்சுல்ல?"

"கேஸ் போகலன்னா மேல இருபது பேரு குளிர்ல கெடப்பாங்க. கத்தாத, ஆளுங்க பாக்குறாங்க."

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புவனோஸ் அயர்ஸிலிருந்து வந்த கணவன் மனைவி. கணவர் படிவத்தில் பாதி எழுதியிருந்தார். அவர் பையில் தொங்கிய இரும்புப் பற்களில் ஒரு வார் அறுந்து, நீலக் கயிற்றால் கட்டியிருந்தது. அந்த முடிச்சைப் போட்டவள் நான்.

"இது எங்க கிடைச்சுது?"

"எவரிஸ்தோ சார் வாடகைக்குத் தந்தாரு. ஏன்?"

"எங்க அப்பாவோடது. கழட்டிக் குடுங்க."

"மேடம், காசு குடுத்திருக்கோம்."

"காச அவர்கிட்டயே திருப்பிக் கேளுங்க. பல்லு இல்லாம நான் முத்திரை குத்த மாட்டேன். ஓடை வரைக்கும் நடந்துட்டு வாங்க, அழகாத்தான் இருக்கும்."

"புகார் புத்தகம் இருக்கா?"

"இருக்கு. பேனா வேணுமா?"

பற்களை மேசைமேல் போட்டுவிட்டு முழுப் பக்கம் எழுதினார்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்ட," என்றார் அப்பா, குனிந்து காலுறையை உருவியபடி. குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான். விறைத்த விரல்களால் அவருக்கு வாரைப் பிடிக்க முடியவில்லை. வெளியே போய், மண்டியிட்டு, நானே மாட்டி இறுக்கினேன். மதியத்துக்குள் எவரிஸ்தோ தொலைபேசியில் கத்துவார். பிறகு என் மேலதிகாரி கத்துவார். கத்தட்டும்.

திரும்பி வந்து புதுப் படிவம் எடுத்தேன். பெயர்: அன்செல்மோ யங்கபான். தொழில்: சுமைக்காரர். முதலாளியின் பெயரையும் எழுதினேன். திரும்பும் நேரம்: மாலை ஐந்து. முத்திரையை ஓங்கிக் குத்தினேன்.

"அஞ்சு மணிக்கு வரலன்னா தேடி ஆள் வரும்ப்பா."

பற்கள் ஐஸில் கடிக்கிறதா என்று ஒருமுறை மிதித்துப் பார்த்தார்.

"அஞ்சரைன்னு போடு," என்றார். "எறங்கும்போது முட்டி வலிக்கும்."