குறிகட்டுவானுக்கு இந்தப் பக்கம்

கிளின்ரன் ரொறொன்ரோவில் ஏறும்போதே தங்கைக்குக் கணக்குச் சொல்லிவிட்டான். கொழும்புக்குப் பதினாலாயிரம் கிலோமீற்றர். இடையில் ஒரு விமான மாற்றம். எல்லாமாக ஒரு நாள் பயணம். பிறகு றோட்டால் வான், கடலால் காலைப் போட். அப்பாவின் மூன்று மணி அடக்கத்துக்கு நெடுந்தீவில் நிற்பான்.

நிரோஜினி அதை அம்மாவிடம் சொன்னாள். கத்தரீனா தலையாட்டினாள். இன்னாசித்தம்பியின் உடல் விறாந்தையில் கிடந்தது. இனியும் வைத்திருக்க ஏலாது என்று பாதர் சொல்லியிருந்தார்.

விமானம் பிந்தியது. நெடுந்தீவுக்குப் போட் ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறைக்குக் கிளின்ரன் வந்தபோது காலைப் போட் போய்விட்டது. அடுத்தது பின்னேரம்.

“டிலோன் அண்ணையை வரச் சொல்லு,” என்றான் போனில். “அவற்ற வள்ளத்தில ஒரு மணித்தியாலம்.”



“அண்ணா, அப்பாவை இன்னும் எடுக்கேல்லை.”

கடலுக்குப் போகிற ஒருவர் செத்தால், அடக்கம் முடியும்வரை அந்தக் கரையில் ஒரு வள்ளமும் இறங்காது. இறக்கியவன் சவப்பெட்டியில் கை வைக்கக்கூடாது. சின்ன வயதில் கிளின்ரனும் அப்படி வள்ளம் இழுத்து ஏற்றியவன்தான்.

“மறந்திட்டன்,” என்றான்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த கத்தரீனா எழுந்து பந்தலுக்குப் போனாள். டிலோன் கதிரையில் இருந்தான். தான் கலியாணம் கட்ட முன்னமே இன்னாசித்தம்பியோடு கடல் தொழிலுக்குப் போனவன்.

“டிலோன், பெடியன் குறிகட்டுவானில நிக்கிறான்.”

“அவ்வளவு தூரம் பறந்தவருக்கு இந்தத் துண்டுக் கடல் பறக்க ஏலாமப் போச்சோ,” என்றான் பக்கத்தில் இருந்த ரஜீபன்.

“நீ சும்மா இரு,” என்றான் டிலோன். பிறகு நிலத்தைப் பார்த்தபடி, “பெட்டி தூக்கேக்க முன் வலப்பக்கம் எனக்கு, அக்கா. அவரே சாக முன்னம் சொல்லி வச்சவர்.”

“தெரியும். அதாலதான் உம்மட்டைக் கேக்கிறன். வேற ஆரையும் கேக்க ஏலாது.”

டிலோன் எழுந்து கரைக்கு நடந்தான்.

வள்ளத்தைத் தள்ள ஆண்கள் ஒருவரும் வரவில்லை. கத்தரீனா ஒரு பக்கமும் நிரோஜினி ஒரு பக்கமும் பிடித்தார்கள்.

மூன்று மணிக்குப் பாதர் வந்தார். படலையைப் பார்த்தார். செபத்தை மெதுவாகத் தொடங்கினார்.

முழங்கால்வரை நனைந்த காற்சட்டையோடு கிளின்ரன் உள்ளே வந்தான். தகப்பனின் நெற்றியில் முத்தமிட்டான். அவன் நிமிர்ந்ததும் பெட்டியை மூடினார்கள்.

தூக்குகிறவர்கள் வந்து நின்றார்கள். முன் வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. டிலோன் படலைக்கு வெளியே, கல்மதிலோடு ஈர உடுப்பில் நின்றான். கிளின்ரன் அவனைத் திரும்பிப் பார்த்தான்.

“நீ பிடி,” என்றான் டிலோன். “முன்னுக்குத்தான் பாரம். ஒழுங்கையில கல்லுக் கிடக்கு. பாத்து நட.”