வாடை போன கம்பளி

என் அக்கா செலீனின் புருஷன் லூசியன் பதினோரு வருஷமாக மான் வேட்டைக்குப் போகிறான். ஒன்றுகூட விழவில்லை. கேட்டால், மானுக்கு அவன் வாடை தெரிந்துவிடுகிறதாம். இவன் செருமுவதும் நெளிவதும் மானுக்குத் தெரியாது போலும்.

அவனுடைய கம்பளிக் கோட்டுக்கும் கால்சட்டைக்கும் நடக்கிற உபசாரம் கைக்குழந்தைக்கும் நடக்காது. வாசனையில்லாத சோப்பில், குளிர்ந்த நீரில் அலசி, சமையல் சோடா தூவி, மூன்று நாள் வெளியே தொங்கவிட்டு, காட்டு வாசனை ஏற ஃபிர் மரக் கிளைகளோடு பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைப்பான். காட்டுக்குப் போய்த்தான் திறப்பான். அதுவரை வெள்ளை நீள உள்ளாடையோடு வண்டி ஓட்டுவான். வாயில் புதினாப் புகையிலை அடக்கியிருப்பான். அது கணக்கில் சேராது.

இந்த வருஷம் அவனுக்கு மான் கிடைத்தே ஆக வேண்டும். கொம்போடு திரும்புவதாகக் காகித ஆலையில் எங்கள் பிரிவு முழுக்கச் சவால் விட்டிருந்தான். அன்று வேட்டை சீசனின் கடைசி நாள். என் வண்டி பழுது, அதனால் அவனோடு போனேன்.

மரம் வெட்டும் சாலையின் முடிவில் நிறுத்தி, விடியும் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தான். உள்ளே கிறிஸ்துமஸ் மர விளக்குகள். அவன் வீட்டுக் கொட்டகையில் ஒரே மாதிரி இரண்டு பச்சைப் பெட்டிகள் இருந்தன. தவறானதை ஏற்றியிருக்கிறான்.

இருக்கைக்குப் பின்னால் என் ஆலைக் கோட்டு கிடந்தது. அதுவும் நல்ல கம்பளிதான். எண்ணெய், சிகரெட், வெங்காய வாடை அடிக்கும்.

"இதப் போட்டுக்க. காத்து மூஞ்சில அடிக்கிற மாதிரி உக்காரு, போதும்."

மூக்கைப் பொத்திக்கொண்டான். "ஆலையவே தூக்கிட்டு வந்த மாதிரி இருக்கு, ரெமி மச்சான். இதப் போட்டா அடுத்த ஊரு மான்கூட எழுந்து ஓடிடும்."

"அப்ப உள்ளாடையோட போ. மானோட வெள்ளை வாலுன்னு நெனச்சு எவனாவது உன்னச் சுடுவான்."

ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பதரைக்கு எனக்கு ஒரு ஆண் மான் விழுந்தது. குடலெடுத்து வண்டிவரை இழுத்து வர ஒரு மணி நேரம் ஆனது. அவன் இறங்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. வண்டியில் ரத்த வாடை ஒட்டாமல் தார்ப்பாயில் சுற்றி ஏற்று என்று கண்ணாடியை விரலளவு இறக்கிச் சொன்னான். சீசன் முடிகிற நாளில், இனி எந்த மானுக்காக என்று நான் கேட்கவில்லை.

வழியில் குழைந்தான். போன வருஷமும் எனக்கு விழுந்தது, இன்னொன்றால் எனக்கு ஒன்றும் ஆகிவிடாது, கறி முழுக்க நானே எடுத்துக்கொள்ளலாம், பெயர் மட்டும் அவனுக்குப் போதும் என்றான். நான் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

சுட்ட மானைப் பதிவு செய்கிற கடை வாசலில் எங்கள் பிரிவு ஆட்கள் மூன்று பேர் நின்றிருந்தார்கள். லூசியன் கையைப் பின்னால் நீட்டி என் கோட்டை எடுத்தான். மூக்கைப் பொத்தவில்லை. கழுத்துவரை பட்டன் போட்டு இறங்கினான். கீழே இரண்டு வெள்ளைக் கால்கள். தார்ப்பாயில் கை வைத்தபடி, மான் எந்தப் பக்கமிருந்து வந்தது, எப்படி மூச்சைப் பிடித்தான் என்றெல்லாம் சொன்னான். நான் உள்ளேயே இருந்தேன்.

கடைக்காரி ஓடெட் பதிவேட்டோடு வந்தாள். மானை விழுந்த இடத்தைவிட்டு நகர்த்துமுன் சுட்டவன் தன் பெயருள்ள உரிமச் சீட்டை அதில் கட்டிவிட வேண்டும். அதுதான் சட்டம். ஒன்றும் சாய்க்காதவனுக்கு அது எங்கே நினைவிருக்கப் போகிறது?

அவள் தார்ப்பாயை விலக்கி, கொம்பிலிருந்த சீட்டைத் திருப்பிப் படித்தாள்.

"ரெமி, வந்து கையெழுத்துப் போடு," என்றாள். பிறகு லூசியனிடம், "நீ வண்டில ஏறு. காலு வெறைச்சிடும்."