மனுக் கொடுத்த கை

செத்தவரின் காலில் அப்பியிருந்த செம்மண் போவேனா என்றது. கோகிலவாணி மூன்றாவது செம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்தாள். பெரிய மாமனார் கோபால்சாமி கடைசி ஒன்பது நாளும் புளியமரத்தடியில், தார்ப்பாய்க்குக் கீழே வெறுந்தரையில் படுத்திருந்தார். மார்கழிக் குளிரும் தூறலும் சேர்ந்து நெஞ்சில் சளி கட்டிவிட்டது. காலையில் அவர் தங்கை மாதம்மாள் கஞ்சியோடு எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

பத்தடி தள்ளி அவருடைய வீடு பூட்டிக் கிடந்தது. குடியிருக்கத் தகுதியற்றது என்று அதிகாரிகள் ஒட்டிய நோட்டீஸ் கதவில் பாதி கிழிந்து தொங்கியது.

"சொந்த வூட்டு வாசப்படில இருந்து போவக் குடுத்து வெக்கலியே!" என்று மாதம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள். "மனு குடுத்தவன் வெளங்குவானா?"

கோகிலவாணி தலையைத் தூக்கவில்லை. மனுக் கொடுத்தவள் அவள்தான்.

அந்த வீட்டுக் கூரையில் சிமெண்டு உதிர்ந்து கம்பி தெரிந்து பல வருஷம் ஆயிற்று. சுவர் இவள் வாசல் பக்கம் வயிறு தள்ளி நின்றது. ஐப்பசி மழையில் ஒருநாள் அதிலிருந்து பெரிய காரை பெயர்ந்து, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் ரம்யாவுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. நோட்டுப் புத்தகம் நசுங்கிப்போனது. கிழவரிடம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு முன்னால இந்த வூடு வுழாதும்மா. நீ கம்னு இரு" என்பார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச அந்த மலைக் கிராமத்தில் ஆள் கிடையாது.

வேறு வழி தெரியாமல் பஸ் ஏறி, ஒடுகத்தூரில் நடந்த அரசு மனு முகாமில் மனுக் கொடுத்தாள். புருஷன் ஆனந்தனிடம்கூடச் சொல்லவில்லை. சுவரைச் சரிசெய்து தருவார்கள் என்றுதான் நினைத்தாள். வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. "எங்க வூட்டுக்கு வாங்க மாமா" என்று காலில் விழாத குறையாகக் கூப்பிட்டாள். "எம் வூட்டப் பாத்துகினே சாவறேன்" என்று மரத்தடிக்குப் போய்விட்டார்.

போனவர் ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனார். "மனு குடுத்த கை எனக்கு வாய்க்கரிசி போடக்கூடாது. அது தேவராஜ் கைதான், எனக்குத் தெரியும்."

தேவராஜ் கீழ்த்தெருக்காரர். வயல் வரப்பில் நின்ற வேறொரு புளியமரத்துக்காகக் கிழவரோடு பழைய சண்டை. பட்டா கேட்டு அவரும் அன்று அதே முகாமுக்குப் போயிருந்தார். வரிசையில் கோகிலவாணிக்கு நேர் பின்னால் நின்றார். மேஜையில் அவள் என்ன சொன்னாள் என்பதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். காலையில் ஆனந்தன் அவர் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளியபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. தெருமுனையில் போய் நின்றுகொண்டார்.

தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் போனவளை அவர் மெல்லக் கூப்பிட்டார். துண்டு முனையில் முடிந்திருந்ததை அவிழ்த்தார். அவர் நிலத்தில் விளைந்த சாமை அரிசி.

"சின்ன வயசுல ஒண்ணா மாடு மேச்சவங்கம்மா நாங்க. நான் போட்டாத்தான் ஊர்க் கண்ணுக்குத் தப்பு. நீ போட்டுடு."

"பெரியப்பா, நான் இப்பவே போய் சொல்லிட்றேன்."

"சொன்னா ஆனந்தன் உன்ன வூட்ல வெப்பானா? கொழந்தய நெனச்சிக்கோ."

அவள் சாமையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். திட்டியிருந்தால் அழுதிருப்பாள்.

பறைச் சத்தம் கூடியது. மாதம்மாள் கூப்பிட்டாள். "கோகிலா, மொதல்ல நீ வா. பெத்த பொண்ணு இருந்தாக்கூட உன்ன மாதிரி பாத்திருக்காது."

எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். பின்னால் போகவும் இடமில்லை. கோகிலவாணி முன்னால் போய்க் குனிந்து கையை விரித்தாள். மற்ற பெண்கள் வைத்திருந்தது வெள்ளை ரேஷன் அரிசி. மாதம்மாள் அவள் உள்ளங்கையையே பார்த்தாள்.

"இந்த வருசம் நீங்க சாமையே வெதைக்கலியே. யார் வூட்துமா இது?"

பறை அடித்தவர்கள் நிறுத்தியது போலிருந்தது அவளுக்கு. எதிரே ஆனந்தன் நின்றான். அவன் காலைக் கட்டிக்கொண்டு ரம்யா நின்றாள்.

"எங்க வூட்துதான் அத்த."

போட்டாள். சாமை மணிகள் உதட்டோரம் உருண்டு தாடியில் சிக்கின. இந்தக் கை வேண்டாம் என்றுதானே மாமா சொன்னீர்கள் என்று மனசுக்குள் கேட்டாள்.

பாடை எழுந்தது. தெருமுனையில் தேவராஜ் ஓடைக்குள் இறங்கி வழிவிட்டார். அவர் பார்வை கூட்டத்தைத் தாண்டி அவளிடம் வந்தது. போட்டுவிட்டேன் என்று தலையை அசைத்தாள். அவர் கும்பிட்டார். பாடையையா, தன்னையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெண்கள் வாசல் கழுவத் தொடங்கினார்கள். கோகிலவாணி வாளியில் கையை விட்டாள். எடுத்துப் பார்த்தபோது, ரேகைக்குள் இரண்டு சாமை மணிகள் அப்படியே ஒட்டியிருந்தன.