பத்துக்கு எட்டு

...ஏழு நோட்டிலும் பத்துக்கு எட்டு, பத்துக்கு எட்டு, அதே பத்துக்கு எட்டு, ஏழிலும் ‘பார்த்து எழுதியது’ என்று நேற்று தன் கையாலேயே எழுதித் திருப்பிக் கொடுத்துத் தொலைத்தாளே, இப்போது ஏழாம் வகுப்பை நோக்கி நடக்க ஷோபாவுக்குக் காலே வரவில்லை. எவ்வளவு ஆசையாகத் திட்டம் போட்ட பாடம்! வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், கன்னடம் பேசுகிறவள், தமிழ், உருது, சொன்னதும் பிடித்துக்கொள்கிறவன், கணக்கென்றாலே தலை குனிந்துகொள்கிறவள்... இத்தனை பேரையும் ஒரு கரும்பலகை இழுத்துப் பிடிக்குமா? அவரவர் வீட்டை அளந்து பரப்பளவு கண்டுபிடித்து வரட்டும், அதில் யாருக்குச் சலிப்பு வரும் என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளைகள் ஹால், பெட்ரூம் என்று விதவிதமாக வரைந்து வந்தார்கள், தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைன் பிள்ளைகள் ஏழு பேர் மட்டும் அச்சடித்த மாதிரி ஒரே அறை, பத்தடிக்கு எட்டடி. அதில் நிலாவும் ஒருத்தி... ஜூனிலிருந்து ஒரு வீட்டுப்பாடமும் எழுதாத நிலா, முதல்முதலாகத் தானே வந்து நோட்டை நீட்டினாள், அவளுக்குமா அப்படி எழுதுவது, பாவி?

சற்றுமுன் ஆசிரியர் அறையில் டிரில் மாஸ்டர் மனோகர் சொல்லித்தான் உறைத்தது. “இன்னா மேடம் நீங்க, லைன் வூடெல்லாம் மைன்ஸ் கம்பெனி கட்னது, ஒரு அங்குலம் கூடக் கொறைய இருக்காது, பசங்க சரியாத்தான் அளந்துனு வந்துக்குதுங்க!” அவருக்குச் சிரிப்பு. ஏன், அவள் மட்டும் வானத்திலிருந்தா குதித்தாள், பத்து வயது வரை அதே மாதிரி லைன் வீட்டில்தானே அவளும் தம்பியும் கால் நீட்ட இடமில்லாமல் சண்டை போட்டார்கள்... மாடி வீட்டுக்குப் போனால் அதுகூடவா மறந்துபோகும்? வெட்கமாக இருந்தது. எல்லார் முன்னாலும் சொல்லிவிட வேண்டும், தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று.

வகுப்பில் நுழைந்து வாய் திறப்பதற்குள் நிலா எழுந்து வந்தாள், நோட்டை மேசைமேல் விரித்தாள். அழித்து அழித்துத் தாள் நைந்திருந்தது, பத்து பதினாலாகியிருந்தது, எட்டு பன்னிரண்டு. “மிஸ், இப்ப பாருங்க, யார்து மாதிரியும் இல்ல.” முகமெல்லாம் சிரிப்பு, இந்த வகுப்பில் அவள் சிரித்து ஷோபா பார்த்ததே இல்லை... பதினாலு பன்னிரண்டு நூற்று அறுபத்தெட்டு, பெருக்கலில் ஒரு பிழை இல்லை, சதுர அடி என்றுகூட மறக்காமல் எழுதியிருக்கிறாள், பேனாவைத் திறந்தாயிற்று, பிள்ளை காத்து நிற்கிறாள், லைனில் எந்த வீட்டிலும் இல்லாத, எண்பதுக்கு மேல் கூட்டிய அந்த எண்பத்தெட்டு சதுர அடியை இவளிடமிருந்து எந்த வாயால் திரும்பக் கேட்பது?