மூடுபனிப் பக்கத்து அணி

ஸ்கர்வவீக் என்ற கடலோரக் கிராமத்து ஆரம்பப் பள்ளியின் விளையாட்டு விழாவில் கயிறிழுக்க வரும் எதிரணியை இதுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பள்ளியில் பிள்ளைகள் குறைந்துபோன வருஷம் தொடங்கிய வழக்கம் அது. ஊரில் பாதிப் பேர் தலைநகருக்குக் குடிபோய்விட்டார்கள். மிச்சமிருந்த பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தால் அணி என்று சொல்லிக்கொள்ள எந்தப் பக்கமும் ஆள் தேறவில்லை. சுன்வா டீச்சர் கயிற்றின் ஒரு முனையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, மறுமுனையை மைதானத்தின் மேற்கு ஓரத்தில் இருந்த கால்பந்துக் கம்பத்தில் கட்டினார். ஜூன் மாதத்து மூடுபனி வழக்கம்போலக் கடலிலிருந்து ஏறி, கல்சுவரைத் தாண்டி, மைதானத்தின் மேற்குப் பாதியில் வந்து உட்கார்ந்தது. பிள்ளைகள் கம்பத்தை இழுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கயிறு திருப்பி இழுத்தது. பனி விலகியபோது கம்பத்தில் கட்டு அவிழ்ந்திருந்தது, அந்தப் பக்கத்துப் புல் சின்னச் சின்னக் குதிகால்களால் கிழிந்திருந்தது. அடுத்த வருஷம் டீச்சர் கயிற்றைக் கட்டவில்லை. பனிக்குள் வீசிவிட்டு விசில் ஊதினார்.

ஒரு வருஷம் இவர்கள் ஜெயிப்பார்கள், ஒரு வருஷம் அவர்கள். தோற்கிற பக்கம் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு வருவதற்குள் கயிற்றை விட்டுவிடும், ஜெயித்தவர்கள் மல்லாக்க விழுவார்கள், பனிக்குள்ளிருந்தும் அப்படி விழுகிற சத்தம் கேட்கும். அந்தப் பக்கத்திலும் ஒரு மேசை போட்டு லவங்கப்பட்டை பன்னும் பழச்சாறும் வைத்தார்கள். தட்டுகள் காலியாகவே திரும்பின. ஒரு தடவை ஒரு குவளையின் அடியில் பால்பல் ஒன்று கிடந்தது. டீச்சர் அதைக் கழுவிப் பத்திரப்படுத்தி, அடுத்த விழாவில் பன் தட்டின் ஓரத்தில் திருப்பி வைத்தார்.

சால்மன் மீன் பண்ணையில் வேலை பார்த்த டான்யலுக்கும் இதில் அதிசயப்பட ஒன்றும் இருக்கவில்லை, அவன் மகள் எல்ஸ்பா போகும்வரை. எல்ஸ்பா பிடிவாதக்காரி. கடைசி ஆளாக நின்று கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொள்வது அவள் வேலை. அந்த வருஷம் பனிப் பக்கம் பலமாக இருந்தது. முன்னால் நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். எல்ஸ்பா மட்டும் விடவில்லை. "விடுடி! விட்டுத் தொலைடி!" என்று அவள் அம்மா மார்யுன் கத்தினாள். எல்ஸ்பா பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை ஊன்றி நின்றபடியே புல்லில் வழுக்கி, கோட்டைத் தாண்டி, பனிக்குள் போனாள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பனி விலகியபோது கயிறு இருந்தது, காலி மேசை இருந்தது, சுவருக்கு அப்பால் ஆடுகள் மேய்ந்தன. அவள் இல்லை.

ஹெலிகாப்டர் வந்தது. படகுகள் பாறை பாறையாகத் தேடின. பிறகு ஹெலிகாப்டர் போய்விட்டது. டான்யல் பனி இறங்கிய ஒவ்வொரு நாளும் மைதானத்துக்குப் போய்க் கயிற்றை உள்ளே வீசினான். கயிறு வீசிய இடத்தில் கிடந்தது. ஊர் ஆம்பளைகள் எல்லோரும் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். நனைந்த முனை லேசாக வந்து சேர்ந்தது. பெரியவர்கள் இழுத்தால் அந்தப் பக்கத்தில் பிடிக்க ஆள் வராது, விழா நாள் தவிர வேறு எந்த நாளிலும் வராது. இலையுதிர் காலத்தில்தான் இது எல்லோருக்கும் விளங்கியது. விளங்கியதும் டான்யல் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.

"டீச்சர், பசங்கள எங்கிட்ட விடுங்க. அடுத்த ஜூனுக்குள்ள தயார் பண்ணிடுறேன்."

"அவங்க குழந்தைங்க டான்யல்."

"அவளும் குழந்தைதான்."

குளிர்காலம் முழுக்க, பள்ளி விட்டதும் பிள்ளைகள் படகுத்துறைக்குப் போய்ப் படகுகளைக் கரைக்கு இழுத்தார்கள். வீடுகளில் உலர்ந்த ஆட்டிறைச்சியின் நல்ல துண்டுகள் பிள்ளைகளின் தட்டுக்குப் போயின. டான்யல் வாலிபத்தில் துடுப்புப் போட்டிகளில் தலைவனாக இருந்தவன். அதே குரலில் "சாய்... இழு! சாய்... இழு!" என்று கத்துவான். மூத்தவன் ஹோக்னிக்கு உள்ளங்கை காய்த்துப்போனது. "அங்கிள், இப்ப நாங்க பள்ளிக்கூடத்தையே இழுத்துருவோம்" என்றான் அவன்.

விழா நாளில் பாட்டும் சாக்கு ஓட்டமும் அவசர அவசரமாக முடிந்தன. பனி ஏறியது. டீச்சர் கயிற்றை வீசினார், அது இறுகியது. டான்யல் தொண்டை கிழியக் கத்தினான். பிள்ளைகள் ஒரே உடம்பாகச் சாய்ந்தார்கள். கயிறு சாண் சாணாக வந்தது. அந்தப் பக்கம் தோற்கிற நேரம் வந்து, பாரம் சட்டென்று குறைந்தது. ஆனால் கொஞ்சம் பாரம் மிச்சமிருந்தது. யாரோ விடவில்லை. பனிக்குள்ளிருந்து, இடுப்பில் கயிறு சுற்றியிருக்க, குதிகாலை ஊன்றி, முகம் சிவந்து, மூச்சைப் பிடித்து அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு எல்ஸ்பா வந்தாள். கோட்டைத் தாண்டியதும் ஆத்திரத்தில் அழுதாள்.

"ஏமாத்திட்டீங்க! நீங்க பிராக்டிஸ் பண்ணியிருக்கீங்க!"

மார்யுன் அவளைக் கட்டிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோர் கண்ணும் எல்ஸ்பா மேலேயே இருக்க, டான்யல்தான் கயிற்றில் இன்னொருத்தி இருப்பதைப் பார்த்தான். எல்ஸ்பாவுக்கு முன்னால், இரண்டு கையாலும் கயிற்றை இறுகப் பிடித்தபடி, ஒரு சின்னப் பெண். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எல்ஸ்பா போனபோது இருந்த உயரத்திலேயே இருந்தாள். போன இடத்தைப் பற்றி அதிகம் சொல்லவில்லை. "அங்கயும் ஸ்கூல்தாம்பா. பெல் சத்தம் கேக்காது, தரை மட்டும் நடுங்கும். மத்தியானம் மீன் சூப்" என்றாள். அவ்வளவுதான். சின்னப் பெண் பேசவே இல்லை. கேட்டு வர ஆளில்லாததால் டான்யல் வீட்டிலேயே தங்கினாள். பிள்ளைகள் அவளைப் புதுசு என்று கூப்பிட்டார்கள். அவள் தலைமுடி ஒருநாளும் உலரவில்லை. மார்யுன் தினமும் தலையணை உறையை மாற்றினாள், பள்ளியில் அவள் நாற்காலியில் ஒரு துண்டு விரித்தார்கள். பந்தை நன்றாக எறிந்தாள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மெழுகுவத்தி பிடித்து நின்றாள், அது ஒரு தடவைகூட அணையவில்லை. ஊருக்கு அவள் பழகிப்போனாள்.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், வேலி சரிபார்க்கப் போன டான்யல் மைதானத்துப் பனிக்குள் ஒரு குரலைக் கேட்டான். அவனுடைய அதே தாளம். சாய், இழு. சாய், இழு. வார்த்தை மட்டும் வேறு, அவனுக்குப் புரியாத வார்த்தை. கம்மிப்போன பொம்பளைக் குரல். நாளெல்லாம் கத்திக் கத்தி ஒரு தொண்டை எப்படி ஆகும் என்று அவனுக்குத் தெரியும். ஆணியும் சுத்தியலும் கையில் இருக்க, வேலியை அப்படியே விட்டுத் திரும்பினான். வீட்டுக்கு வந்து மார்யுனிடம் சொன்னான். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை.

"செப்டம்பர்ல இருந்து கேக்குது."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். எனக்கு அந்தப் பிள்ள மேல ஆசை வந்துடுச்சு" என்றாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "அவ பேரு அந்தக் குரல்ல வருதுன்னு நினைக்கிறேன். அந்தச் சத்தம் வந்தா இவ ஜன்னல்கிட்ட போயி நின்னுக்குறா."

பள்ளியில் கூட்டம் போட்டார்கள். புதுசைத் திருப்பி அனுப்ப ஒரே வழி, இந்தப் பக்கம் தோற்பதும் அவள் கயிற்றை விடாமலிருப்பதும்தான். தோற்றுப்போகச் சொல்லிப் பிள்ளைகளிடம் கேட்க முடியாது என்று டீச்சர் தீர்மானமாகச் சொன்னார். டான்யல் அதையும் மீறிக் கேட்டுப் பார்த்தபோது ஹோக்னிக்கு முகம் சுருங்கிவிட்டது. இதுதான் இந்தப் பள்ளியில் அவனுக்குக் கடைசி விழா. எல்ஸ்பா கையைக் கட்டிக்கொண்டாள். "வேணும்னே தோக்குறதுன்னா நான் வரல. அவங்களுக்கு அது தெரிஞ்சுரும். தெரிஞ்சா சிரிப்பாங்க." புதுசைக் கூப்பிட்டு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவள் மூலைக்குப் போய்க் கயிற்றின் கடைசி நுனியை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டாள்.

அந்த ஜூனில் பனி வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்து காத்திருந்தது. மார்யுன் அந்தப் பிள்ளையின் தலையைத் துவட்டி, பின்னி, மறுபடி துவட்டினாள். விசில் ஊதியதும் பிள்ளைகள் போன வருஷம் போலவே சாய்ந்தார்கள், கயிறு இவர்கள் பக்கம் வரத் தொடங்கியது. எல்லோரும் டான்யலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கோட்டருகே நின்றிருந்தான். வாயைத் திறக்கவில்லை.

"அங்கிள்! குரல் குடுங்க!" என்றான் ஹோக்னி.

டான்யல் உதட்டைக் கடித்துக்கொண்டான். அந்தப் பக்கத்தில் குரல் எழுந்தது. இந்தத் தடவை ஊரே கேட்டது. தாளம் சொல்லக் குரல் இல்லாமல் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள், குதிகால்கள் வழுக்கின. எல்ஸ்பா கண்ணில் நீரோடு கடைசிவரை பிடித்திருந்து, கோட்டுக்கு ஒரு கை தூரத்தில், அவளாகவே விட்டாள். புதுசு மட்டும் விடவில்லை. மார்யுன் ஓர் அடி முன்னால் வைத்தாள், பிறகு நின்றுகொண்டாள். அந்தப் பெண் யாரையும் திரும்பிப் பார்க்காமல் கோட்டைத் தாண்டிப் போனாள். குரல் பாதி வார்த்தையில் நின்றுபோனது. பிறகு பனிக்குள் யாரோ தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது.

எல்ஸ்பா அப்பாவோடு பேச ஒரு வாரம் ஆனது.

"ஏம்பா கத்தல?"

"தொண்ட கட்டிக்கிச்சும்மா."

"பொய்." புளிப்பான ருபார்ப் தண்டு ஜாமை ரொட்டியில் தடவியபடி அவள் யோசித்தாள். "அந்த ஆன்ட்டிக்கும் தொண்ட கட்டும். ஆனாலும் நிறுத்த மாட்டாங்க."

ஹோக்னி இப்போது மீன்பிடிக் கப்பலில் இருக்கிறான். எல்ஸ்பா படிக்கத் தலைநகருக்குப் போய்விட்டாள். ஒரு வருஷம் பிந்தித்தான் போனாள். விழா ஜூனில் நடக்கிறது. சாக்கு ஓட்டம் முடிந்ததும் டீச்சர் கயிற்றை வீசுகிறார். இந்தப் பக்கம் டான்யல் குரல் கொடுக்கிறான், அந்தப் பக்கம் புதுசின் அம்மா குரல் கொடுக்கிறாள். பிள்ளைகள் உயிரைக் கொடுத்து இழுக்கிறார்கள். யாராவது ஒருவர் கோட்டை நெருங்கும்போது இரண்டு குரலும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். கயிறு துவண்டு நடுவில் விழும். போட்டி சமம் என்று டீச்சர் அறிவிப்பார். பிள்ளைகளுக்கு அது கொஞ்சமும் பிடிப்பதில்லை. இரண்டு பக்கமும் பெரியவர்கள் கை தட்டுகிறார்கள்.