எண்ணெய்ப் பிசுக்குக்கு ஒரு செத்த சொல்

தினமும் ஒரு செத்த இங்கிலீஷ் சொல்லை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்காவிட்டால் எங்கள் ஆபீஸ் கலையரசனுக்குச் சோறு இறங்காது. ஒருநாள் காயத்ரி என்னிடமே, "பார்த்திபா, அவனுக்குச் செம மூளைல்ல?" என்றாள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் நான். வயிறு எரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் கடற்கரையில் மிளகாய் பஜ்ஜி வாங்கினோம். காகிதம் முழுக்க எண்ணெய். விடுவேனா?

"இந்தப் பிசுக்குக்கு இங்கிலீஷ்ல அந்தக் காலத்துல 'ஓலியாசிட்டி'ன்னு பேரு. எண்ணெயைச் சொல்ற லத்தீன் வார்த்தைலேர்ந்து வந்துது. ரசவாதம் பண்றவங்க எழுதிகினு இருந்தாங்க. அப்புறம் யாரும் சீண்டல, செத்துப்போச்சு," என்று என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டேன்.

காயத்ரி பஜ்ஜியைக் காகிதத்தில் அழுத்திக்கொண்டே சிரித்தாள்.

"இது கலையரசன் சரக்குதானே?"

எனக்குக் காது சுட்டது. "அப்போ நீயும் தெனம் பாக்கற!"

"நானா? போரடிக்குதுன்னு அவனை எப்பவோ மியூட்ல போட்டுட்டேன். 'பார்த்திபன் என் ஃபேன், தெனம் மொதல்ல பாக்கறதே அவன்தான்'னு அவன்தான் ஆபீஸ் முழுக்கச் சொல்லிகினு திரியறான்."