கழுத்துக்கு ஒரு சாக்குப்போக்கு

ஊசி போட்ட பிறகு பேசக் கூடாது, போனை நோண்டக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, கதகதப்பாகப் போர்த்திக்கொண்டு ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பெட் ஸ்கேன் எடுக்க வருகிற எல்லோரிடமும், ஆஸ்பத்திரியில் அந்த ஸ்கேனை எடுக்கிற அக்காக்காரி கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிற பாடம் இது. ஊசியில் ஏறுவது லேசாகக் கதிர்வீச்சு கலந்த சர்க்கரை. உடம்பில் எது பசியோடு கிடக்கிறதோ அது அந்தச் சர்க்கரையை அள்ளித் தின்னும், தின்ற இடம் படத்தில் பளிச்சென்று எரியும். புற்றுக் கட்டிக்கு அகோரப் பசி. ஆனால் ஓயாமல் பேசினால் தொண்டைத் தசையும் தின்னும். குளிரில் நடுங்கினால், கழுத்திலும் தோளிலும் இருக்கிற ஒருவகைப் பழுப்புக் கொழுப்பு உடம்பைச் சூடாக்குகிறேன் பேர்வழி என்று கிளம்பி அதுவும் ஒரு கை பார்க்கும். அப்புறம் எது நோய், எது குளிர் என்று டாக்டர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். அதனால் கம்பளி விஷயத்தில் அவள் ஒரு ராட்சசி. புழுங்குகிறது என்று கெஞ்சுகிறவர்களையும் கழுத்துவரை இழுத்துப் போர்த்திவிட்டுத்தான் நகர்வாள்.

அப்படிப்பட்டவள் அன்று தன் தம்பிக்குக் கம்பளி கொடுக்கவில்லை.

தம்பிக்காரன் ஏசி மெக்கானிக். ஒல்லிப்பிச்சான், வாய் மட்டும் நாலு ஆளுக்குச் சமம். ஒருநாள் முகம் மழிக்கும்போது கழுத்தில் கட்டி தட்டுப்பட்டது. நிணநீர்ப் புற்று என்றார்கள். முதல் ஸ்கேனில் கழுத்தும் அக்குளும் எரிந்தன. மருந்து ஏறத் தொடங்கியதும் கட்டிகள் தொட்டால் தெரியாத அளவுக்குக் கரைந்துவிட்டன. வீட்டில் எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அவன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, சீப்புச் செலவு மிச்சம் என்று பெண்டாட்டியைச் சிரிக்கவைத்தான். மருந்து கேட்கிறதா என்று பாதி வழியில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது வழக்கம், அவ்வளவுதான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காக்காரிக்கு அப்படி நினைக்கக் கொடுத்துவைக்கவில்லை. அந்தப் பாதி வழிப் படத்தை வைத்தே நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று கணித்துச் சொல்லும் ஒரு கணினி நிரலை ஆஸ்பத்திரியில் தயார் செய்திருந்தார்கள். அதற்குப் பாடம் புகட்ட, பழைய நோயாளிகளின் படங்களில் எரிகிற ஒவ்வொரு இடத்தையும் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தவள் அவள்தான். ஒவ்வொரு படத்தோடும் அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்ற விவரமும் இருக்கும். கோடு போட்டுப் போட்டு அவளுக்கு நிரலே தேவையில்லாமல் போயிற்று. வெளியே கட்டி கரைந்து உள்ளே கனன்றுகொண்டிருந்த கழுத்துகளை எத்தனையோ பார்த்திருக்கிறாள். நோய் இல்லாதபோதும் லேசாக எரிகிற கல்லீரல்தான் அளவுகோல்; அதைவிட மங்கலாக எரிந்தால் பிழைத்தார்கள். அதைவிடப் பிரகாசமாக எரிந்தவர்களில் திரும்பி வந்தவர்கள் வெகு சிலர்.

தம்பி கழுத்தும் எரிந்தால்? அந்த ஒரு கேள்வி பல நாளாக அவளை அரித்துத் தின்றது. எரிந்தாலும் அது குளிர் என்று சொல்ல ஒரு வழி இருக்கட்டும் என்று பட்டது. தெளிவில்லை, இன்னொரு சுற்று மருந்துக்குப் பிறகு பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது. கேட்காத மருந்தை இன்னொரு சுற்று ஏற்றுவது அவனுக்குத்தான் கேடு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே செய்த புத்தி கெட்ட வேலை அது. பயம் வந்துவிட்டால் படித்த படிப்பு எங்கே போகிறதோ!

ஊசி போட்டுப் படுக்கவைத்தாள். ஏசியை இருக்கிறதிலேயே கடைசிக்கு இறக்கினாள். கம்பளியெல்லாம் சலவைக்குப் போயிருக்கிறது, ஏசியும் மக்கர் பண்ணுகிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றாள். சொல்லி முடித்த பிறகுதான், யாரிடம் போய் ஏசியைப் பற்றிப் புளுகுகிறோம் என்று உறைத்தது. அவன் தலையைச் சாய்த்துக் காற்று வரும் இடத்தைப் பார்த்தான், அப்புறம் அவளைப் பார்த்தான். வாயைத் திறக்கப் போனவனைப் பேசக் கூடாது என்று விரல் காட்டி அடக்கினாள். அவனும் வாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தூக்கி எறிவது போல் சைகை காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

அடுத்த அறையில் உட்கார்ந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டான். தாடை கிடுகிடுத்தது. அவள் அலமாரியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள், திரும்பி வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

படம் வந்தது. அவள் நினைத்தபடியே இரண்டு தோளிலும் கழுத்தோரத்திலும் சரிசமமாக வெளிச்சம். பழைய கட்டிகள் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. கழுத்துக்குச் சாக்கே தேவைப்பட்டிருக்காது. அவள் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டுக்கொண்டே படத்தைக் கீழே நகர்த்தினாள். வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, முதல் ஸ்கேனில் இல்லாத ஒரு வரிசை எரிந்துகொண்டிருந்தது. இடுப்பெலும்பில் இன்னொன்று. பக்கத்தில் கல்லீரல் மங்கலாகக் கிடந்தது. இடுப்பெலும்பு எரிவதற்குக் குளிரைக் காரணம் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

டாக்டர் வந்து பார்த்தார். ஆளை யார் குளிரில் போட்டது என்று கேட்டார். ஏசி கோளாறு என்றாள். "மேல இருக்கிறது சும்மா குளிர், அத அழிச்சிடுங்க. கீழ இருக்கிறதுதான் விஷயம்" என்றார். அவன் அவள் தம்பி என்பது ஞாபகம் வந்ததும் குரலைத் தணித்து, இன்னும் கடுமையான மருந்து இருக்கிறது, பார்ப்போம் என்றார். அந்தப் 'பார்ப்போம்' எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

நிரலில் படத்தை ஏற்றினாள். தோள் வெளிச்சத்தையும் அது நோய்க் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பிழைக்கிற வாய்ப்பை அதலபாதாளத்தில் காட்டியது. அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. அதெல்லாம் தான் கிளப்பிவிட்ட குளிர்தானே, எடுத்துவிட்டால் எண் ஏறிவிடும். இடது தோளை அழித்தாள், வலது தோளை அழித்தாள், கழுத்தோரத்தைப் பொடிப்பொடியாக அழித்தாள். மறுபடி கணக்குப் போடச் சொன்னாள். எண் மரியாதைக்குக் கொஞ்சம் அசைந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கம்பளியை எடுத்துக்கொண்டு அவனிடம் போனாள். உதடு நீலம் பாரித்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். "கழுத்துல ஒண்ணுமில்லடா" என்றாள். அது சத்தியமான வார்த்தைதான். அவன் கழுத்தைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். அவள் கம்பளியைத் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

"சலவைக்குப் போனது அதுக்குள்ள வந்துடுச்சா?"

அவள் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"அந்த ஏசில ஒரு கோளாறும் இல்லக்கா. சத்தத்தக் கேட்டாலே தெரியும். நீ வேணும்னுதான் என்னைக் குளிர்ல போட்டிருக்கே. எதுக்குன்னு தெரியல, ஆனா நீ செஞ்சா என் நல்லதுக்குத்தான் இருக்கும்னு பல்லக் கடிச்சிட்டுப் படுத்திருந்தேன்." கம்பளியின் முனையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். "பலன் இருந்துச்சா?"

வெளியே தம்பி பெண்டாட்டி கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அக்காக்காரி அவன் கைகளைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவை இன்னும் சில்லென்றுதான் இருந்தன.